கடற்பன்றிக்குப் பால் வரும் என்று சொன்ன பிள்ளை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வெளிநாட்டுக்குப் படிக்கப் போக விசா வந்துவிட்டது என்று போன ஞாயிறு வந்து சொன்னாய். புதுப் பெட்டியைப் போனில் காட்டினாய். நான் பொரித்து வைத்த மீனைச் சாப்பிட்டாய். பிறகு அந்தக் கதை வந்தது, பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் சொல்ல நினைத்ததில் கால்வாசிகூட வெளியே வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும், எழுதினால்தான் ஒழுங்காக வரும். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுவது உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். ஒரு சின்னப் பிள்ளை பாயில் இருந்து சொன்னதை நீ மண்டபம் நிறைந்த ஆட்களுக்குத் திரையில் போட்டுக் காட்டினாய். உன் தாய் சொல்வதை நாலு பேர் வாசித்தால் நீ தேய்ந்துவிட மாட்டாய்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் பேசாலையில் ஒரு முன்பள்ளி ரீச்சர். நீ கொழும்பில், கடல் உயிர்களைப் பாதுகாக்கிற ஒரு திட்டத்தில் வேலை செய்கிறாய். சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஒரு படப்புத்தகம் செய்தோம் அம்மா, முதலில் உங்கள் பள்ளியில்தான் வாசிக்கப்போகிறேன் என்று நீ போன் எடுத்தபோது நான் எவ்வளவு துள்ளினேன் தெரியுமா? பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னேன். பள்ளிச் சுவரில் நான் தீட்டி வைத்திருக்கிற நட்சத்திர மீனுக்குப் புதிதாக மஞ்சள் பூசினேன். நீ வந்தாய். புத்தகம் வடிவாகத்தான் இருந்தது, அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஈரக் கையால் பிடித்தாலும் கிழியாத தாள். தாயும் குட்டியுமாக இரண்டு கடற்பசுக்கள் கடலுக்கு அடியில் புல் மேய்கின்றன, மூச்சு விட மேலே வருகின்றன, திரும்பப் போகின்றன. கடற்பசு என்று நீ எழுதியிருந்ததை எங்கள் ஊரில் கடற்பன்றி என்பார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. படத்தைக் கண்டதும் என்னவென்று தெரிந்துகொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகள் கீறுவதற்கு வெள்ளையாக இடம் விட்டு, மேலே ஒரு கேள்வி போட்டிருந்தாய்: "நீங்கள் இதைக் கண்டிருக்கிறீர்களா? என்ன கண்டீர்கள்?"

அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை எழும்பிப் பதில் சொன்னது. அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். நீ அவளை வெளியே காட்டியதே போதும். சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஓம் கண்டனாங்கள், பெரிசு, கறுப்பு என்று கத்திக்கொண்டிருக்கும்போது அவள் பாயில் எழும்பி நின்று, சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நான் கண்டனான். எங்கட வளவில படுத்திருந்தது. அப்பா கொண்டந்தவர். கைக்குக் கீழ அமத்தப் பால் வந்தது, நான் பாத்தனான். அது மீன் இல்லை ரீச்சர், மீனுக்குப் பால் வராதுதானே."

தம்பி, எனக்கு அந்த நேரம் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் பிள்ளைகளோடு இருந்து நான் கேட்ட பதில்களிலே அதுதான் பெரிய பதில். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் புத்தகத்திலும் அது இல்லை. நீ குட்டியைத் தாயின் முதுகுக்கு மேலே கீறி வைத்திருந்தாய், பால் குடிப்பதைக் கீறவில்லை. அவள் தானே பார்த்து, தானே தொட்டு, தனக்குத் தெரிந்த மீன்களோடு வைத்துப் பார்த்து, இது வேறு சாதி என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. படப்புத்தகம் வைத்து விஞ்ஞானம் படிப்பிக்கிறோம் என்று சொல்கிற எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன். படத்தைத் தொட்டு "இது என்ன?" என்பார்கள், பிள்ளைகள் "மீன்" என்று ஒரே குரலில் கத்தும், அடுத்த பக்கம். கருத்தரங்குகளில் வந்து எங்களுக்கும் அப்படித்தான் காட்டுவார்கள். கிளிக்குக்கூட அவ்வளவு சொல்லிக்கொடுக்கலாம். படத்தைப் பார்த்த பிள்ளை வெளியே போய் உண்மையான நண்டைத் தேட வேண்டும், திரும்பி வந்து "படத்தில பிழையாக் கீறியிருக்கு" என்று சண்டை பிடிக்க வேண்டும். புத்தகம் அதற்குத்தான். அந்தச் சண்டையைப் பிடிக்க ஒரு பிள்ளைக்கு முதலில் பயமில்லாத வாய் வேண்டும். நான் சம்பளம் என்று சொல்லவே கூசுகிற காசுக்கு இந்தப் பாயில் இருந்து செய்துவந்த வேலை அது ஒன்றுதான்.

நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? போனைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பிள்ளைகள் சிரிக்கிறதைப் படம் எடுக்கிறாய் என்று நினைத்தேன். உங்கள் திட்டத்துக்குக் காட்ட நாலு சந்தோஷ முகங்கள் வேண்டும்தானே என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கொழும்பில் பெரிய மண்டபத்தில் கூட்டம் போட்டு, கடற்பசுக்களை இன்னும் கொல்கிறார்கள், பாருங்கள், குழந்தையே சொல்கிறது என்று அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாய். கை தட்டினார்களாம். நீயே எனக்குப் பெருமையாகச் சொன்னாய், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வெளிநாட்டுப் பேராசிரியர் உன்னைக் கூப்பிட்டார் என்று. இங்கே என்ன நடந்தது என்று அப்போது உனக்குத் தெரியாது. கூட்டத்துக்கு வந்தவர்களில் யாரோ யாருக்கோ சொல்லி, ஒரு நாள் காலை அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சின்னவளின் தகப்பனைக் கரையிலேயே பிடித்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் உப்புப் போட்டு வைத்த மிச்ச இறைச்சி இருந்திருக்கிறது. ஆளையும் கொண்டுபோனார்கள், வள்ளத்தையும் வலையையும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆள் இப்போது பிணையில் வந்துவிட்டார், வள்ளம் வரவில்லை.

நான் போனில் கேட்டபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நான் பேர் சொல்லேல்லை. முகத்தையும் மறைச்சுத்தான் போட்டனான்." முகத்தை மறைத்தாய், சரி. அவளுக்குப் பின்னால் சுவரில் நான் மஞ்சள் பூசின நட்சத்திர மீனை மறைத்தாயா? அவளுடைய குரலை மறைத்தாயா? மன்னாரில் முன்பள்ளிக்கு வந்துபோகிற எந்த உத்தியோகத்தருக்கும் அந்தச் சுவர் தெரியும். இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியாமல் போனது என்று நான் நம்ப வேண்டுமா? உனக்கு நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். நினைப்பு வராததில்தான் எனக்கு இன்னும் கூடின கோபம். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு கெட்டவனைப் பெற்றேன் என்று இரண்டு நாள் அழுதுவிட்டு ஆறியிருப்பேன்.

நான் அந்தத் தகப்பனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். இல்லை. கடற்பன்றியைக் கொல்வது பிழை. சட்டம் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். வலையில் பட்டு மூச்சுத் திணறிச் செத்துப்போனது, கடலில் விட மனம் வரவில்லை என்று சொல்கிறார். உண்மையோ பொய்யோ, அதை நீதவான் பார்க்கட்டும். ஆனால் நீ அந்த மண்டபத்தில் "அந்த மக்கள்" என்று பேசினாயாமே, அந்தச் சொல்லை நான் இன்னும் விழுங்க முடியாமல் இருக்கிறேன். இந்தக் கரையில் ஒரு கடற்பன்றி விழுந்தால் அதை யாரும் தனியே வைத்துத் தின்பதில்லை. வெளியே சொல்லவும் மாட்டார்கள். சட்டிக்குள் போட்டு மேலே ஒரு துணியை மூடி, அயலில் எல்லா வீட்டுக்கும் பங்கு போகும். கொண்டுவந்து தருகிறவர்கள் என்ன என்று சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. பங்கு வாங்கின வீடு வாய் திறக்காது, அதுதான் கணக்கு. நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. நீ அதைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டித் தரச் சொல்லி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றவன். அந்த மக்களில் நீயும் ஒருவன் என்று கூட்டத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால், உன் பேச்சில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை வந்திருக்கும்.

இப்போது கடற்கரை வாடிக் கொட்டிலில் உன் அப்பா போய் இருந்தால் கதை நின்றுவிடுகிறது. யாரும் எழும்பிப் போவதில்லை, வலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம். அவர் ஒரு குறையும் சொல்லாமல் வந்து சாப்பிட்டுப் படுக்கிறார். அதைத்தானும் நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு.

ஜீப் வந்துபோன பிறகு ஒரு கிழமை சின்னவள் பள்ளிக்கு வரவில்லை. திங்கட்கிழமை தாய் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு அவள் கேற்றடியிலேயே நின்றாள். என்னிடம் படித்த பிள்ளைதான் அவளும். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன், திட்டட்டும் என்றுதான் இருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ரீச்சர், நீங்கள் கேட்டபடியாத்தானே அவள் சொன்னவள். இனி அவளிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ."

அதோடு போய்விட்டாள். உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை, புத்தகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டேனாம். சரிதான், நான்தான் கேட்டேன், எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் சின்னவளை யாரும் அடிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே யார் என்ன கேட்டாலும், என்ன படத்தைக் காட்டினாலும், "நான் ஒண்டும் காணேல்லை" என்று சொல்ல வேண்டும். அன்று காலை நண்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு சுற்றி வரக் கேட்டேன். அவளுடைய முறை வந்தது. அவள் முதலில் கேற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான் ஒண்டும் காணேல்லை, ரீச்சர்." வெளியே வளவு மணலில் நண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வசனம் உனக்குத் தெரியும், தம்பி. அது இந்தத் தீவில் புது வசனம் இல்லை. நீ பள்ளிக்குப் போகத் தொடங்கின காலத்தில் நானே உன் வாயில் அதை வைத்துப் பழக்கினேன். வீதிக்கு வீதி ஆமியின் காவல் சென்றி நின்ற காலம். யார் வந்தது, யார் போனது என்று சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் கேட்பார்கள், இனிப்பும் கொடுப்பார்கள். உன்னைக் குளிக்க வார்க்கும்போது கேட்பேன், சோறு தீத்தும்போது கேட்பேன், நீ அதைச் சொன்னால்தான் அடுத்த வாய். ஒருநாள் தலைமன்னார் வீதியில் ஒரு ஆமிக்காரன் குனிந்து, உன் கன்னத்தைத் தட்டி, அரைகுறைத் தமிழில் வீட்டுக்கு யார் வந்தது என்று கேட்டான். முதல் நாள் உன் மாமா வந்திருந்தார், உன்னைத் தோளில் தூக்கி விளையாடிவிட்டுப் போயிருந்தார். நீ அவன் முகத்தைப் பார்த்து, கண்கூடச் சிமிட்டாமல், "நான் ஒருத்தரையும் காணேல்லை" என்றாய். அதற்காக நான் இன்றும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தச் சொல்லால்தான் மாமா இன்றும் உயிரோடு இருக்கிறார்.

ஆனால் அது உன் வாயை விட்டுப் போகவில்லையே. சண்டை ஓய்ந்தது, சென்றிகள் குறைந்தன, நீ மட்டும் எதற்கும் காணேல்லை என்றாய். பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் காணேல்லை. வானத்தில் என்ன பறக்கிறது என்று கேட்டால் காணேல்லை. மந்தபுத்தி என்று சொன்னார்கள், உன்னைக் கடைசி வரிசை வாங்கில் இருத்தினார்கள். அந்த நேரத்தில்தான் கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் அட்டை கழன்ற படப்புத்தகம் ஒன்றைத் தந்தார். யாரோ வெளிநாட்டில் இருந்து அனுப்பியது, அதில் இருந்த எழுத்து எங்கள் ஒருவருக்கும் விளங்காது. நண்டு, சங்கு, கடற்குதிரை, பக்கம் பக்கமாகப் படம் மட்டும்தான். நான் உன்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. உன் பக்கத்தில் இருந்து நானாக வாசிப்பேன், வேண்டுமென்றே பிழை பிழையாக. நண்டுக்கு ஆறு கால் என்பேன். சங்கு கல்லில் முளைக்கிறது என்பேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பாய். மாரி முழுக்க அப்படிப் போனது. ஒருநாள் உனக்குப் பொறுக்கவில்லை. என் விரலைத் தள்ளிவிட்டு, "பத்துக் கால் அம்மா, கடிக்கிறதும் சேத்து" என்று கத்தினாய். நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். நான் முன்பள்ளி ரீச்சராகப் போனது அதற்குப் பிறகுதான். நீ கடலைப் படிக்கப் போனதும் அந்த நண்டிலிருந்துதான் என்று நீயே ஒருமுறை சொன்னாய்.

அப்படிப்பட்ட நீயா, தம்பி? வேறு யாரும் செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டிருப்பேன். பிள்ளையிடம் இனிப்பான முகத்தோடு கேட்டு, பதிலை வாங்கி, அதைத் தகப்பன் மேல் போடுகிற வேலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? உன் கன்னத்தைத் தட்டின ஆமிக்காரனிடம் துவக்கு இருந்தது. உன்னிடம் வடிவான புத்தகம் இருந்தது. துவக்கைக் கண்டால் பிள்ளை ஒளிந்துகொள்ளும். புத்தகத்தைக் கண்டு ஓடி வந்து மடியில் ஏறினதே, அதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு எரிகிறது. "விஞ்ஞானம் எண்டா உண்மையைச் சொல்லுறதுதானே அம்மா" என்றாய். அவள் உண்மையைத்தான் சொன்னாள், மீனுக்குப் பால் வராது என்ற உண்மையை. உன் கூட்டத்தில் யாராவது அந்தப் பாலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்களா? நீயாவது கேட்டாயா? அப்பா கொண்டந்தவர் என்ற ஒரு சொல்தானே உங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு விஞ்ஞானி எழும்பிப் பேசினாள், நீங்கள் சாட்சியைப் பிடித்துக்கொண்டு போனீர்கள்.

உன் புத்தகங்கள் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. எரிக்க மாட்டேன், நல்ல புத்தகம், பாவம் அது என்ன செய்யும். அடம்பனிலும் அரிப்பிலும் முன்பள்ளிகளுக்கு அனுப்பப்போகிறோம் என்றாய். அனுப்புங்கள். அனுப்புமுன் கடைசிப் பக்கத்தில் கேள்வி கேட்கிற இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு வரி போடு. பிள்ளை சொல்வது இந்தப் பாயை விட்டு வெளியே போகாது என்று. அதைப் போட உங்கள் திட்டம் சம்மதிக்காவிட்டால் புத்தகத்தை அனுப்பாதே. இன்னொன்று, நீ போகுமுன் ஒரு நாள் காலை பஸ்ஸில் பேசாலைக்கு வா. போனைக் கேற்றடியில் என்னிடம் தந்துவிட்டு உள்ளே வா. சின்னவளின் தாயிடம் நான் கேட்டுவிட்டேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மன்னிப்பு என்று பெரிய பேச்சு ஒன்றும் அவிழ்க்காதே, பிள்ளைக்கு அது விளங்காது. அவளிடம் ஒன்றும் கேட்காதே. பாயில் இருந்து அந்த அட்டை கழன்ற பழைய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிழை பிழையாக வாசி. எத்தனை நாள் ஆனாலும் வாசி. விமானம் பிந்தினால் பிந்தட்டும்.

நான் வாசித்துப் பார்க்காமல் உன்னைக் கூப்பிடவில்லை. நேற்றும் வாசித்தேன். உன் புத்தகத்தையே எடுத்து, தாயும் குட்டியும் மேய்கிற பக்கத்தை விரித்து, கடற்பன்றி மணலுக்குள் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும் என்றேன். சில பிள்ளைகள் ஓம் என்றார்கள், சிலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மட்டும் என்னையே பார்த்தாள். நண்டுக்கு ஆறு கால் என்றபோது உன் முகம் எப்படி இருந்ததோ அதே முகம். பாயில் எழும்பி நின்றாள். சட்டையை இழுத்து விட்டாள். என் பக்கத்தில் வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் வாயை வைத்தாள். திருத்தப்போகிறாள் என்று நினைத்து நான் மூச்சைக்கூட விடவில்லை.

"ரீச்சர்," என்றாள், "நீங்களும் காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

அம்மா